கேரவன் கண்ணாடி ஒழுகுகிறது, பில்டரும் கடையும் கைவிரிக்கிறார்கள்: யார் மீது வழக்கு?

கேள்வி: நானும் கணவரும் பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். பழைய மினி பஸ் ஒன்றை வாங்கி, பீன்யாவில் ஒரு பாடி பில்டரிடம் கொடுத்து மோட்டார் ஹோமாக மாற்றினோம். பேசியது 11 லட்சத்து 40 ஆயிரம். 10 லட்சத்து 80 ஆயிரம் கொடுத்தாயிற்று. 2025 பிப்ரவரியில் வண்டி கைக்கு வந்தது. கூரையை ஃபைபரில் உயர்த்தி, இரண்டு துண்டாக இருந்த முன்கண்ணாடிக்குப் பதில் ஒரே பெரிய கண்ணாடி ஒட்டித் தந்தார்கள். ஜூன் முதல் மழையிலேயே இடது மேல் மூலையில் ஒழுகியது. பில்டர் கைகாட்டிய கிளாஸ் கடையில் ஆகஸ்டில் 14,500 ரூபாய் வாங்கிக்கொண்டு கழற்றி மாட்டினார்கள். பணம் யூபிஐயில் போனது, பில் தரவில்லை. அக்டோபரில் மறுபடி ஒழுகல்; இப்போது கண்ணாடியைக் கையால் தள்ளினால் அசைகிறது. "பாடி முறுக்குது" என்கிறது கடை. "ஒட்டினது சரியில்ல" என்கிறார் பில்டர். டாஷ்போர்டு வயரிங்கும் தரை பிளைவுட்டும் கெட்டுவிட்டன. பாக்கி 60,000-ஐ நிறுத்திவைக்கலாமா? மோசடி என்று போலீசில் சொல்லலாமா? தெரிந்தவர்களுக்கு இரண்டொரு முறை வாடகைக்கு விட்டிருக்கிறோம், அது சிக்கலாகுமா?

பதில்: முதல் வேலையாக அந்த வண்டியை ரோட்டில் ஓட்டுவதை நிறுத்துங்கள். ஒட்டிய கண்ணாடி அசைகிறது என்றால் பிடிப்பு ஒரு பக்கம் விட்டுப்போயிற்று. வேகத்தில் காற்றழுத்தம் அதைப் பிடுங்கிவிடும். சட்டக் காரணமும் உண்டு. ஆபத்தான குறை இருப்பது தெரிந்தும் வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவின்படி குற்றம். "கண்ணாடி ஆடுகிறது" என்று நீங்கள் அனுப்பப்போகும் நோட்டீஸே, உங்களுக்குக் குறை தெரியும் என்பதற்கு எழுத்துச் சாட்சி. அதன் பிறகு ஒரு விபத்து நடந்தால் எதிர்த்தரப்பு அந்தக் காகிதத்தைத்தான் முதலில் எடுத்து நீட்டும்.

போலீஸ் வேண்டாம். சரியில்லாத வேலை மோசடி ஆகாது. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததென்று காட்ட வேண்டும், உங்கள் விஷயத்தில் அது இல்லை. இது நுகர்வோர் ஆணையத்துக்குரிய வழக்கு. யார் மீது என்றால், இருவர் மீதும். ஆனால் மனு எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. இவ்வகை வழக்குகள் பெரும்பாலும் தோற்பது அதைச் செய்யாததால்தான். ஒழுகல் எங்கிருந்து, எதனால் என்பதை, யாரும் கை வைப்பதற்கு முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள். மூன்றாவது ஆள் ஒருவர் வந்து சிலிக்கான் பிதுக்கிவிட்டுப் போனால், அந்தச் சாட்சியம் அத்தோடு போயிற்று.

இருவருக்கும் ஏழு நாள் அவகாசம் கொடுத்து, இன்ன தேதி, இன்ன நேரம் கூட்டு ஆய்வு என்று மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்டிலும் தெரிவியுங்கள். வராவிட்டால் அது அவர்கள் பாடு. மோட்டார் பிரிவில் உரிமம் பெற்ற காப்பீட்டு சர்வேயர் ஒருவரைக் கட்டணம் கொடுத்து வரவழையுங்கள். உள்பக்க டிரிம், டாஷ்போர்டு மேல்மூடி, இருபக்கத் தூண்களின் உறை மூன்றையும் கழற்றிய பிறகே தண்ணீர் விட வேண்டும். மூடியிருந்தால், கூரையில் மார்க்கர் விளக்கின் திருகு ஓட்டையிலோ ஏசி யூனிட் அடியிலோ புகுந்த நீர் பாடியின் இரும்புச் சட்டத்தின் (ஃபிரேம்) வழியாக இறங்கி, கண்ணாடி மூலையில் சொட்டும். எல்லோரும் கண்ணாடியைக் குறை சொல்வார்கள்.

தோட்டத்துக் குழாய் போதும், முனையில் நாசில் மாட்டாமல் மெதுவாக. பிரஷர் வாஷர் கூடாது. நன்றாக ஒட்டிய விளிம்பையும் அது தாண்டிவிடும், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதுவே போதும். கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும், ஒவ்வொரு பகுதிக்கும் பத்து நிமிடம். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து, எது ஓட்டை என்று தெரியாது. உள்ளே ஒருவர் டார்ச்சும் டிஷ்யூ பேப்பரும் வைத்துக்கொண்டு முதல் சொட்டு வரும் இடத்தில் மார்க்கரால் கோடு போடட்டும். இடையில் நிறுத்தாத ஒரே வீடியோவாக எடுங்கள், அந்த போனிலிருந்து அதை அழிக்காதீர்கள். வாட்ஸப்பில் அனுப்பிய நகல் சுருங்கிவிடும், எடுத்த நேரம் முதலான விவரமும் போய்விடும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவு கேட்கும் மின்னணு ஆவணச் சான்றிதழை, ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்), வீடியோவுடன் சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள். நுகர்வோர் ஆணையம் சாட்சியச் சட்டத்தை அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை. ஆனாலும் மேல்முறையீட்டில் கைகொடுக்கும்.

அடுத்து சர்வேயர் பார்க்க வேண்டியது, பசை எந்த இடத்தில் விட்டிருக்கிறது என்பது. "பாடி முறுக்குது", "ஒட்டினது சரியில்ல" என்ற சண்டைக்கு விடை கண்ணாடியை ஒட்டும் அந்தக் கறுப்பு பி.யூ. (பாலியூரிதேன்) பசையிலேயே இருக்கிறது. பசை கண்ணாடியிலிருந்து வழவழப்பாக, விரலால் உரித்தாலே வரும்படி விட்டிருந்தால், கண்ணாடியின் கறுப்பு ஓரப்பட்டையைச் சரியாகத் துடைத்து பிரைமர் (பசை பிடிக்க முதலில் பூசுவது) போடவில்லை என்று பொருள்: கடையின் தவறு. பாடிப் பக்கம் பெயின்டோடும் அதன் அடியில் பூசிய பட்டியோடும் (புட்டி) சேர்ந்து பெயர்ந்து, அடியில் துரு தெரிந்தால், மூல காரணம் பில்டரின் பெயின்ட் வேலை. அதைப் பார்த்தும் அப்படியே ஒட்டிய கடைக்கும் பங்குண்டு. இரண்டு பக்கமும் பசை உறுதியாக ஒட்டியிருந்து நடுவில் கிழிந்திருந்தால் வண்டியின் இரும்புச் சட்டம் அசைகிறது என்று பொருள். அப்போது தூண் வெல்டிங்கில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கூரையை வெட்டி உயர்த்தும்போது குறுக்குச் சட்டத்தை எடுத்துவிட்டு ஈடாக எதுவும் வைக்காத வண்டிகளில் அப்படி நடக்கும்.

உங்கள் வண்டியில் ஆகஸ்டில் பயன்படுத்தியது பி.யூ. தானா என்பதையும் பாருங்கள். சாதாரண சிலிக்கான் என்றால், போட்ட நாளில் வினிகர் வாடை அடித்திருக்கும். இறுகும்போது வெளிவிடும் அமிலம் வெறும் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், அதன் மேல் பி.யூ.வும் பிடிக்காது. எந்த நிலையில் இருந்தாலும் அந்தப் பசைத் துண்டுகளைக் கவரில் போட்டு, தேதி எழுதி, சர்வேயர் கையெழுத்தோடு வையுங்கள். கண்ணாடியின் கீழ் மூலை முத்திரையையும் படமெடுங்கள். முன்கண்ணாடி லேமினேட்டட் பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 100. முத்திரையே இல்லாத கண்ணாடியை மாட்டியிருந்தால், ஒழுகலை விடப் பெரிய குறை அது.

ஆய்வு முடிந்ததும் கண்ணாடியைச் சரி செய்துவிடலாம், செய்தும் ஆக வேண்டும். நஷ்டத்தைக் குறைக்க உங்களால் முடிந்ததைச் செய்தீர்களா என்பதை ஒப்பந்தச் சட்டம் 73-வது பிரிவு கணக்கில் எடுக்கும். ஒரு வருடம் நனையவிட்டு மொத்தத் தரைக்கும் பணம் கேட்டால் ஆணையம் தராது. வேறு நல்ல இடத்தில் ஜிஎஸ்டி பில்லோடு செய்து, அந்தப் பில் தொகையை மனுவில் கேளுங்கள்.

பாக்கி 60,000: குறை இருக்கும்போது நிறுத்திவைப்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் மௌனமாக வேண்டாம். "குறை நீங்கி, நீர் சோதனையில் தேறினால் தரத் தயார்" என்று நோட்டீஸில் எழுதுங்கள். முக்கியமாக, பாக்கி தீராமல் வண்டியை மறுபடி பில்டரின் யார்டில் விடாதீர்கள். வேலை செய்தவர் கூலிக்காகப் பொருளைப் பிடித்துவைக்கும் உரிமை ஒப்பந்தச் சட்டம் 170-வது பிரிவில் உண்டு. ஒழுங்காகச் செய்த வேலைக்குத்தான் அந்த உரிமை என்று வாதாடலாம். வாதாடும்போது வண்டி அவர் கேட்டுக்குள் நிற்கும்.

கடை பில் தராததால் வழக்கு நிற்காது என்று பயப்பட வேண்டாம். பில் தராததே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 2(47) பிரிவில் நியாயமற்ற வணிக நடைமுறை. யூபிஐ பதிவோடு வங்கி ஸ்டேட்மென்ட்டையும் வாட்ஸப் உரையாடலையும் வைத்தால் போதும். பில்டரின் ரசீதில் "நீர்க்கசிவுக்குப் பொறுப்பில்லை" என்று அச்சடித்திருந்தால், அதை நியாயமற்ற ஒப்பந்தம் என்று மாவட்ட ஆணையத்தில் வாதிடாதீர்கள்; அந்தக் கோரிக்கை மாநில ஆணையத்துக்குரியது. சேவைக் குறைபாடு என்ற அளவில் மனுவை நிறுத்துங்கள்.

இப்போதைய சட்டத்தில், எந்த ஆணையம் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் கொடுத்த தொகை. கேட்கும் நஷ்ட ஈடு அல்ல. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 10 முதல் 20 லட்சம் வரையிலான வரிசையில் வருவதால் கட்டணம் 400 ரூபாய். நீங்கள் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம், இ-ஜாக்ருதி தளத்தில் ஆன்லைனாகவும் முடியும். காலக்கெடு இரண்டு வருடம். அக்டோபரிலிருந்து எண்ணலாம் என்று யாராவது சொல்வார்கள். நீங்கள் முதல் ஒழுகலிலிருந்து, அதாவது 2025 ஜூனிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். "அடுத்த வாரம் பார்க்கிறேன்" என்ற வாக்குறுதியால் காலக்கெடு தானாக நீளாது.

வக்கீல் நோட்டீஸ் கட்டாயமில்லை, ஆனால் 15 நாள் கொடுத்து அனுப்புங்கள். மனுவில் பில்டர் முதல் எதிர்மனுதாரர், கடை இரண்டாவது. இருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று கோருங்கள். அப்படிக் கோராமல் ஒருவரை மட்டும் இழுத்தால், அவர் வராத மற்றவர் மேல் பழியைத் தள்ளிவிட்டுத் தப்புவார். கேட்கும் தொகைக்குப் பில் இருக்கட்டும்: கண்ணாடி வேலை, வயரிங், பிளைவுட், சர்வேயர் கட்டணம். மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை. பத்து லட்சம் என்று எழுதினால் மற்றக் கணக்குகளும் நம்பிக்கை இழக்கும்.

எதிர்த்தரப்பு, ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்த 30 நாளில், அதிகபட்சம் 45 நாளில், பதில் போட்டாக வேண்டும். அதற்கு மேல் அவகாசம் கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் சொல்லிவிட்டது. அதன் பிறகு ஆணையம் சமரசத்துக்கு அனுப்பலாம். போங்கள், ஆனால் "சரி செய்து தருகிறோம்" என்ற ஒற்றை வரியில் கையெழுத்துப் போடாதீர்கள். செய்ய வேண்டிய வேலை ஒவ்வொன்றும் அதில் எழுதியிருக்கட்டும். சிலிக்கான் இருந்தால் முழுவதையும் அகற்ற வேண்டும். துருவைச் சுரண்டி பிரைமர் அடிக்க வேண்டும். நன்றாகப் பிடித்திருக்கும் பழைய பி.யூ.வை 1 முதல் 2 மில்லிமீட்டர் விட்டுச் சீவ வேண்டும். டியூபின் பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் படமெடுக்க வேண்டும். தயாரிப்பாளர் தாளில் உள்ள இறுகும் நேரம் முடியும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது. உங்கள் முன் நீர் சோதனை நடக்க வேண்டும். ஒரு மழைக்காலமாவது உள்ளடங்கும் எழுத்து உத்தரவாதம் வேண்டும். இரும்புச் சட்டம் அசைகிறது என்று சர்வேயர் அறிக்கை வந்திருந்தால் வெல்டிங்கும் இதில் சேரணும். இல்லாவிட்டால் புதுப் பசையும் கிழியும்.

காப்பீட்டை நம்ப வேண்டாம். கல் பட்டு உடைந்தால் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்காமல் கிடைக்கும். மோசமான வேலையால் வரும் கசிவு பாலிசிக்குள் வராது.

வாடகை விஷயம்தான் உங்கள் பலவீனம். வணிக நோக்கத்துக்கு வாங்கிய சேவை என்று அவர்கள் நிரூபித்தால் நீங்கள் நுகர்வோரே இல்லை. ஆனால் முதன்மையான நோக்கம் எது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்கிறது 2019-இல் லீலாவதி மருத்துவ அறக்கட்டளை வழக்கின் தீர்ப்பு. குடும்பப் பயணங்களின் டோல், கேம்ப் ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள், வாடகையை மறைக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் வெளிவந்தால் மற்ற எல்லாமும் பொய்யாகத் தெரியும். வெள்ளை நம்பர் பிளேட்டில் வாடகைக்கு விடுவதே தனிக் குற்றம் என்பதால் அதை இன்றோடு நிறுத்துங்கள். ஆர்.சி.யையும் எடுத்துப் பாருங்கள்: வகுப்பு மோட்டார் காரவன் அல்லது கேம்பர் வேன் என்று மாறியிருக்க வேண்டும், உயர்த்திய கூரைக்கு ஆர்.டி.ஓ. அனுமதி பதிவாகியிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின் கீழ் அனுமதியில்லாத மாற்றம் என்றால் அபராதம் உரிமையாளருக்கு, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய். "ஆர்.டி.ஓ. வேலையை நாங்க பாத்துக்கிறோம்" என்று பில்டர் எழுதிய செய்தி உங்களிடம் இருந்தால் அதுவும் மனுவில் ஒரு குறைபாடு. அந்தத் தமிழ் வாட்ஸப் செய்திகளை எல்லாம் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்த்து, மூலத்தோடு சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள்.