நடுநிலைப் பள்ளியில் ஆசிரியர் குழு மாணவரின் கற்றலை எவ்வாறு மதிப்பிட்டு உதவுகிறது?

ஒரே வகுப்புக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் தாம் கண்டதைப் பகிர்ந்துகொண்டு, மாணவர் எங்கே நிற்கிறார், அடுத்து என்ன உதவி தேவை என்பதைச் சேர்ந்து முடிவுசெய்வதே குழு மதிப்பீடு. பாடம் நடக்கும்போதே செய்வது வளரறி மதிப்பீடு. முடிந்தபின் செய்வது தொகுத்தறி மதிப்பீடு. பாடத்திட்டங்களை ஆராய்வது குறித்து எழுதுகையில், 1967இல் மதிப்பீட்டு அறிஞர் மைக்கேல் ஸ்கிரிவன் இந்த வேறுபாட்டை வகுத்தார்.

தொடக்க வகுப்புகளில் பெரும்பாலும் ஒரே ஆசிரியர் நாள் முழுவதும் பிள்ளையைப் பார்க்கிறார். நடுநிலையில் பாடத்துக்கு ஒருவர் வருவதால், யாருக்கும் முழுப் படம் கிடைப்பதில்லை.

½ + ⅓ என்பதற்கு ஒரு மாணவி 2/5 என்று எழுதுகிறாள். மேலெண்களையும் கீழெண்களையும் தனித்தனியே கூட்டிவிட்டாள். சிவப்பு மையில் சுழித்தால் மதிப்பெண் குறையும், அவ்வளவே. ஆனால், கரைசல் விகிதத்திலும் அவள் தடுமாறியதை அறிவியல் ஆசிரியர் சொன்னால், சிக்கல் கவனக்குறைவு அன்று, பின்னத்தை ஒரே எண்ணாகக் காணாததே என்று ஊகிக்க இடமுண்டு. இருவரும் ஒரே எண்கோட்டுப் படத்தால் விளக்கி, சில நாள் கழித்து வேறொரு கணக்கைத் தந்து பார்க்க வேண்டும். இந்த மறுபார்வையே மிக முக்கியமானது. வேலை நெருக்கடியில் முதலில் விடுபடுவதும் இதுதான்.

தையற்காரர் சட்டையை ஒட்டுத்தையலிட்டு அணிவித்துப் பார்ப்பது போன்றது வளரறி மதிப்பீடு. அப்போது பிரித்துத் தைப்பது எளிது.

அடிக்கடி தேர்வு வைப்பதே வளரறி மதிப்பீடு என்று பலர் எண்ணுகிறார்கள். விடைகளைப் பார்த்துக் கற்பிக்கும் முறையை மாற்றாவிட்டால், எத்தனை தேர்வு வைத்தாலும் அது வளரறி மதிப்பீடு ஆகாது.