மரபணு ரிப்போர்ட் சொன்னதால் மாத்திரையை நிறுத்தலாமா?

மகன் செய்துகொடுத்த உமிழ்நீர் மரபணுப் பரிசோதனையைப் பார்த்து, ரத்தம் உறையாமல் காக்கும் குளோபிடோக்ரல் மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மேலே படிக்கும் முன் உங்கள் இதய மருத்துவருக்குப் போன் செய்து, "குளோபிடோக்ரலை நிறுத்தி ஐந்து நாளாகிறது" என்று சொல்லிவிட்டு வாருங்கள். இதய ரத்தக்குழாயைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்து மூன்று மாதம்தான் ஆகிறது. இப்போது அந்த மாத்திரையை விட்டால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து சட்டென்று அடைத்துக்கொள்ளலாம். நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் என எது வந்தாலும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். வாயு என்று சோடா குடித்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

'இந்த மருந்து உங்களுக்குச் சரியாக வேலை செய்யாது' என்று அந்தப் பரிசோதனை சொல்வது உண்மையாகவே இருக்கலாம். குளோபிடோக்ரலை மருந்தாக மாற்றுவது கல்லீரலில் உள்ள சிஒய்பி2சி19 என்ற நொதி. அதற்கான மரபணு மந்தமாக இருப்பது நம்மவர்களிடம் அபூர்வமில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010-லேயே இதை அந்த மருந்தின் குறிப்பேட்டில் எச்சரிக்கையாகச் சேர்த்துவிட்டது. ஆனால் அதற்கு வழி டிகாக்ரெலார் மாதிரி வேறு மருந்துக்கு மாறுவது. உங்களுக்கு ரத்தக்கசிவு அபாயம் எவ்வளவு என்று பார்த்து மருத்துவர்தான் மாற்ற வேண்டும். அவர் மாற்றும்வரை, அரைகுறையாக வேலை செய்கிற மருந்தாவது உள்ளே இருக்க வேண்டாமா?

கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: நெஞ்செரிச்சலுக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கி தினமும் ஒமெப்ரசோல். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். ஒமெப்ரசோல் முடக்குவது அதே நொதியை! மரபணுவை மாற்ற முடியாது, கேஸ் மாத்திரையை மாற்றலாமே. பேன்டோப்ரசோல் இந்த அளவுக்குக் குறுக்கே வராது. அதையும் நீங்களாக வாங்காதீர்கள்.

ரிப்போர்ட்டில் உள்ள மறதி நோய், வழுக்கை, காபி ஒத்துக்கொள்ளுமா என்கிற பக்கங்களையெல்லாம் மூடி வையுங்கள். சர்க்கரை பயம் இருந்தால் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை ஒன்று பாருங்கள், போதும். இன்று ஒருவரின் மரபணுத் தொகுதி முழுவதையும் ஆயிரம் டாலருக்குள் படித்துவிடலாம். இணையத்தில் வாங்கும் உமிழ்நீர்ச் சோதனைகள் பெரும்பாலும் அதுவும் இல்லை, குறித்துவைத்த சில இடங்களை மட்டும் எட்டிப்பார்ப்பவை. அதனால் மருந்தை மாற்றும் முன் ரத்தத்தில் ஒருமுறை உறுதிசெய்ய வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்புறம், அவரிடம் ரிப்போர்ட்டின் 62 பக்கத்தையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். குளோபிடோக்ரல் பற்றிய அந்த ஒரு பக்கம், கூடவே அந்த ஒமெப்ரசோல் அட்டை.