வெளிய சொல்லக் கூச்சப்படுற ஆசைகள், உறவுச் சிக்கல்கள் இதையெல்லாம் பாடுற டார்க் கேபரே ஆல்பம் ஒண்ணு சொல்லுங்களேன், எங்க ஆரம்பிக்கலாம்?

தயங்காம சொல்லுவேன், டிரெஸ்டன் டால்ஸ். 2003ல வந்த அவங்களோட முதல் ஆல்பம், ஆல்பத்துக்கும் அதே பேருதான். அமெரிக்காவுல பாஸ்டன் ஊரு பேண்ட், பேண்டுன்னா மொத்தமே ரெண்டு பேருதான், பியானோவும் பாட்டும் அமாண்டா பாமர், டிரம்ஸ் பிரையன் விக்லியோனி. 2000 ஹாலோவீன் பார்ட்டி ஒண்ணுல சந்திச்சு ஆரம்பிச்சது. ரெண்டு பேரும் மூஞ்சியில வெள்ளை பெயிண்ட் அடிச்சுக்கிட்டு, விக்லியோனி தலையில ஒரு உருண்டைத் தொப்பி வச்சுக்கிட்டு, பாக்க ஏதோ பழைய ஊமைப் படத்துல இருந்து எந்திரிச்சு வந்த மாதிரி இருப்பாங்க.

கேபரேன்னு சொன்னதும் நம்மாளுங்களுக்குப் பழைய சினிமாவுல வில்லன் கிளாஸோட உக்காந்திருக்க ஒரு அம்மா ஆடுற கிளப் டான்ஸ்தான் ஞாபகம் வரும், அதை மறந்துடுங்க. இது 1920கள்ல பெர்லின்ல இருந்த கேபரே. சின்ன மேடை, பியானோ, நக்கல், அரசியல், படுக்கையறை விஷயம் எல்லாத்தையும் போட்டு உடைக்கிற பாட்டு. அதே ஊருல 1928ல பிரெக்ட் எழுதி கர்ட் வைல் இசையமைச்ச நாடகம்தான் மூணு பென்னி ஆபரா, திருடனும் பிச்சைக்காரனும் விலைமாதும் கதாபாத்திரம். 1933ல ஹிட்லர் வந்ததும் ரெண்டு பேருமே ஜெர்மனியை விட்டு ஓட வேண்டியதாப் போச்சு. பாமருக்கு இவங்க மேல அப்படியொரு பக்தி. அவங்க வாசிக்கிற கீபோர்டு கர்ஸ்வைல் கம்பெனியோடது, அந்தப் பேருல டேப் ஒட்டி எழுத்தை மாத்தி கர்ட் வைல்னு படிக்கிற மாதிரி பண்ணி வச்சிருந்தாங்க, போட்டோக்கள்ல பாக்கலாம். எங்க நம்மளைக் கோத்திக்ன்னு, அதாவது இருட்டு, சாவுன்னு பாடுற கூட்டம்னு, முத்திரை குத்திடுவாங்களோன்னு பயந்து, தன் இசைக்கு பிரெக்டியன் பங்க் கேபரேன்னு தானே பேரும் வச்சுக்கிட்டாங்க. ஆனா டார்க் கேபரேங்கிற பேருதான் ஒட்டிக்கிச்சு.

சரி, விஷயத்துக்கு வரேன். நான் முதல்ல கேட்டது காயின் ஆப்பரேட்டட் பாய், கேட்டது 2009ல பெங்களூர் பிஜியில, கூட இருந்தவன் பென் டிரைவ்ல இருந்து காப்பி பண்ணது. நம்ம ரயில்வே ஸ்டேஷன்ல காசு போட்டா லைட்டெல்லாம் மின்னி எடை சீட்டு துப்புற மெஷின் இருக்கும்ல, அந்த மாதிரி காசு போட்டா இயங்குற ஒரு பொம்மைப் பையனைக் காதலனா வச்சுக்கிட்டா எவ்வளவு நிம்மதின்னு ஒரு பொண்ணு பாடுது. சண்டை போடாது, விட்டுட்டுப் போகாது. மெட்டும் சாவி கொடுத்த பொம்மை மாதிரியே டிக் டிக்னு கொஞ்சிக்கிட்டே போகும். நானும் ரூம்மேட்டும் சிரிச்சுக்கிட்டே கேட்டோம். நடுவுல ஒரு இடத்துல ரெக்கார்டு கீறல் விழுந்த மாதிரி ஒரே வார்த்தையில மாட்டிக்கிட்டுத் திரும்பத் திரும்ப சுத்துது, ஃபைல் கரப்ட் ஆயிடுச்சுன்னு நெனச்சு நான் நிறுத்திட்டு மறுபடி போட்டேன், அங்கேயே மறுபடி மாட்டுச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, ரெண்டு பேரும் வேணும்னே அப்படி வாசிக்கிறாங்கன்னு! மாட்டிக்கிற வார்த்தையும் வேணும் வேணும்ங்கிறதுதான். அந்த வேணும் கொஞ்ச நேரத்துல கெஞ்சலா மாறிடும். சிரிப்பு நின்னு போச்சு எனக்கு, அப்ப நான் இருந்த நிலைமை அப்படி, அதை இங்க சொல்ல வேணாம்.

இன்னொரு விஷயம் ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. பேண்டு ஓடறதுக்கு முன்னாடி பாமர் வருஷக்கணக்கா சிலையா நின்னுதான் சம்பாதிச்சிருக்காங்க. பாஸ்டன் பக்கத்துல ஹார்வர்டு ஸ்கொயர்ல வெள்ளை கல்யாண கவுன் போட்டுக்கிட்டு, மூஞ்சியில வெள்ளை பூசிக்கிட்டு, பெட்டி மேல ஏறி அசையாம நிப்பாங்க, யாராச்சும் காசு போட்டா மெதுவா அசைஞ்சு, கண்ணைப் பாத்து ஒரு பூ கொடுப்பாங்க. எட்டடி மணப்பெண்ணுன்னு அதுக்குப் பேரு, அந்த எட்டடிதான் பின்னாடி அவங்க சொந்த ரெக்கார்டு கம்பெனியோட பேரும் ஆச்சு. இதைப் படிச்சுட்டு அந்தப் பாட்டைத் திரும்பக் கேட்டப்ப ஒரு மாதிரி ஆயிடுச்சு. காசு போட்டா அன்பு காட்டுற பொம்மையா நின்னதே அவங்கதானே! இந்த முடிச்சு நானா போடுறது, அவங்க அப்படி நெனச்சு எழுதினாங்கன்னு சொல்ல வரல.

நீங்க வெளிய சொல்லக் கூச்சப்படுற ஆசைன்னு கேட்டீங்க. அந்த மாதிரிப் பாட்டும் இருக்கு, மிஸ்டு மீன்னு ஒண்ணு. சின்னப் பிள்ளைங்க விளையாட்டுப் பாட்டு வரியை எடுத்து ஆரம்பிச்சு, போகப் போக பெரிய ஆள் ஒருத்தன் எல்லை மீறின கதையாத் திரும்பும், கடைசியில அவன் ஜெயில்ல. அவனுக்குப் பாட்டு வக்காலத்து வாங்கல. டக்குனு நின்னு டக்குனு பாயற டிரம்ஸ்தான் அதுல பயமே. வீட்ல குழந்தைங்க இருக்கும்போது ஸ்பீக்கர்ல போடாதீங்க, அவ்வளவுதான் சொல்லுவேன்.

ஆனா என்னைக் கேட்டா இந்த ஆல்பத்துல நிஜமாவே கூச்சப்பட வைக்கிறது அது இல்ல. உன்னை மறக்க முடியலடான்னு ஒத்துக்கிறது இருக்கு பாருங்க, அதுதான். முதல் பாட்டு குட் டே, பிரிஞ்சு போனவன்கிட்ட நான் சூப்பரா இருக்கேன்னு பீத்திக்கிறது, கேக்கிற நமக்கே தெரியும் அது பொய்னு. ஜீப் சாங்ல பழைய காதலன் வச்சிருந்த அதே கறுப்பு ஜீப் செரோக்கி ஊரு பூரா கண்ணுல படுது. எனக்கு ஒரு சிவப்பு ஸ்கூட்டி, அது வேற கதை. கடைசிப் பாட்டு ட்ரூஸ், எட்டு நிமிஷத்துக்கு மேல, பிரிஞ்ச ரெண்டு பேரும் பாத்திரம் பண்டம் பிரிக்கிற மாதிரி ஊர்களைப் பிரிச்சுக்கிறாங்க, இந்த நகரம் உனக்கு, அது எனக்குன்னு. சில தெருவுக்கு நாமளும் போறதில்லையே!

இதுல ஒண்ணே ஒண்ணு கேக்க நேரம் இருந்தா ஹாஃப் ஜாக் கேளுங்க. அப்பா மேல இருக்கிற கோபம். பாமர் கைக்குழந்தையா இருக்கும்போதே அப்பா அம்மா பிரிஞ்சிட்டாங்க, அப்பா பேரு ஜாக். தன் உடம்புல பாதி அந்த ஆளுதான், வெட்டி எறியவும் முடியாதுங்கிறதுதான் பாட்டு. ரொம்ப அடங்கின குரல்ல ஆரம்பிச்சு, பியானோவை விரல்ல வாசிக்கிறாங்களா கையால அறையறாங்களான்னு தெரியாத அளவுக்குப் போகும். காதல், காமம் எல்லாம் பாடிட்டாங்க நம்ம ஊர்ல, அப்பனை உள்ளுக்குள்ள வச்சுக்கிட்டு வெறுக்கிறதைப் பாடினவங்க கம்மின்னு தோணுது.

குறைன்னு பாத்தா, பாமர் குரல் எல்லாருக்கும் ஒத்துக்காது, சில இடத்துல கத்தலாத்தான் இருக்கும். நடுவுல 672ன்னு ஒரு குட்டிப் பாட்டு, எனக்கு அது மனசுலயே நிக்கல. ஹெட்ஃபோன்ல, ராத்திரியில, வரிசை மாத்தாம கேளுங்க.

ஹாஃப் ஜாக் கேட்டு மனசு பாரமாச்சுன்னா இதையும் சேத்துத் தெரிஞ்சுக்கங்க. 2016ல அப்பாவும் பொண்ணும் ஒண்ணா உக்காந்து, மத்தவங்க பாட்டுகளை எடுத்துப் பாடி ஒரு ஆல்பம் போட்டாங்க. அந்த ஜாக்கேதான்.