கையெழுத்து போட்டது நீங்கள்தானே?

கேள்வி: மகனுக்கு ஆட்டிசம், இப்போது ஏழாம் வகுப்பு. தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வர்த்தில் வீட்டுக்குப் பக்கத்து அரசு ஹைஸ்கூலில் எட்டாம் வகுப்புக்கு விண்ணப்பித்தோம். பிரின்சிபல் கூப்பிட்டு, "இவனுக்கு ஸ்பெஷல் ஸ்கூல்தான் சரி" என்று சொல்லி ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார். வழக்குப் போடலாமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை முழுக்கப் படித்தேன். ஆபீஸ் பெண் முகம் சுளித்தது, பிள்ளை முன்னாலேயே பேசியது, மூன்றாம் வகுப்பு டீச்சர் அன்றைக்குச் சொன்னது எல்லாம் வலிக்கும்தான், ஆனால் வழக்குக்குப் பெரிதாக உதவாது. விஷயம் கடைசியில் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறீர்களே, அந்தத் தாள். பள்ளியின் லெட்டர்ஹெட்டில் ஒரே வரி: "எங்கள் சொந்த விருப்பத்தின்பேரில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறோம்." கீழே உங்கள் கையெழுத்து, கணவருக்கான இடம் காலி. அவரை அதில் கை வைக்க விடாதீர்கள்.

இந்தத் தாளின்படி பள்ளி உங்களை மறுக்கவே இல்லை. 1996 தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்தின் ஐந்தாம் பிரிவில், சேர்க்கை மறுத்தால் கல்வித்துறைத் தலைவர் காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அதை எதிர்த்து மாகாணக் கல்வி அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யலாம். மறுப்பே இல்லாதபோது எதை எதிர்த்து மேல்முறையீடு?

ஸ்பெஷல் ஸ்கூலா என்று தீர்மானிப்பது பிரின்சிபல் ஒருவரின் வேலை இல்லை. கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளை அடையாளம் கண்டு மதிப்பிட 2014-இல் வந்த எஸ்ஐஏஎஸ் கொள்கைப்படி, பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று பதிவு செய்யும் எஸ்என்ஏ படிவங்கள் பள்ளியின் ஆதரவுக் குழு வழியாக மாவட்ட ஆதரவுக் குழுவுக்குப் போக வேண்டும். பெற்றோரின் விருப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதே ஐந்தாம் பிரிவு சொல்கிறது. அதனால் இன்றே பிரின்சிபலுக்கு ஈமெயில் போடுங்கள், உங்கள் பகுதிக்கான உம்லாசி மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் நகல்: விளக்கம் சொல்லாமல் கையெழுத்து வாங்கினார்கள், விண்ணப்பத்தை நான் திரும்பப் பெறவில்லை, முடிவை எழுத்தில் தாருங்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் வேண்டாம்.

என்னிடம் வருகிறவர்கள் சிக்குவது பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். கோபத்தில் பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்த்து, வருடக் கட்டணத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தப் பணத்தை அரசிடம் வாங்கித் தரச் சொல்வார்கள். அது நடப்பது கஷ்டம். நடுவில் அங்கேயும் ஒத்துவரவில்லை என்றால் நோட்டீஸ் காலக் கட்டணமும் உங்கள் தலையில். தனியார் பள்ளியும் விசாரிக்காமல் பிள்ளையை வெளியே அனுப்ப முடியாது என்று 2020-இல் பிரிட்வின் என்ற தனியார் பள்ளியின் வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது உண்மைதான், அதற்காக நீங்கள் ஒத்துக்கொண்ட பீஸ் தள்ளுபடியாகிவிடாது. இன்னும் சிலர் ஸ்பெஷல் ஸ்கூல் இடத்துக்கு வெயிட்டிங் லிஸ்டில் பெயர் கொடுத்துவிட்டு இந்தப் பள்ளி விண்ணப்பத்தையும் கைவிட்டுவிடுவார்கள், ஜனவரியில் பள்ளி திறக்கும்போது பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருப்பான்.

பாகுபாடு வழக்குகளை விசாரிக்கும் சமத்துவ நீதிமன்றம் போகலாம், வழி இருக்கிறது. ஆனால் அது முடிவதற்குள் உங்கள் மகன் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டிவிடலாம். என் கருத்து, பேசி முடித்துக்கொள்ளுங்கள். மாவட்ட அலுவலகம் பக்கத்தில் ஒரு ஃபுல் சர்வீஸ் பள்ளியை, அதாவது இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உதவ வசதி செய்த சாதாரணப் பள்ளியை, காட்டினால் அந்தப் பிரின்சிபலை ஜெயிப்பதை மறந்துவிட்டு அதை வாங்கிக்கொள்ளுங்கள், தேர்வில் கூடுதல் நேரம், இரைச்சல் தாங்காதபோது போய் உட்கார ஒரு இடம், யார் பொறுப்பு என்று பெயரோடு ஆதரவுத் திட்டம், இவ்வளவும் எழுத்தில் கைக்கு வந்த பிறகு.