எக்ஸ்பாக்ஸ் எந்தக் கட்டத்தில்? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

காட்பாடியில் எம்பிஏ முதலாண்டு படிக்கிறேன். செமினாருக்கு வீடியோ கேம் கன்சோல் சந்தையை எடுத்து பிசிஜி மேட்ரிக்ஸில் போட்டேன். நிண்டெண்டோவின் ஸ்விட்ச் ஸ்டார், சோனியின் பிளேஸ்டேஷன் கேஷ் கவ், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கொஸ்டின் மார்க், நிண்டெண்டோவின் பழைய வீ யூ டாக். எக்ஸ்பாக்ஸும் டாக்தான் என்று எங்கள் சார் மார்க்கைக் குறைத்துவிட்டார். யார் சொல்வது சரி? ஸ்லைடை இணைத்திருக்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்லைடைப் பார்த்தேன். மற்றவர்களுக்காக ஒரு வரி: இந்த மேட்ரிக்ஸ் நாலு கட்டம் போட்ட சதுரம்; வளரும் சந்தையில் பங்கு பெரிதாக இருந்தால் ஸ்டார், சிறிதாக இருந்தால் கொஸ்டின் மார்க், வளராத சந்தையில் பெரிதாக இருந்தால் பணம் கறக்கும் கேஷ் கவ், சிறிதாக இருந்தால் டாக். மார்க் குறைய வேண்டிய இடம் வேறு. மூன்று கம்பெனிகளின் சரக்கை ஒரே சதுரத்துக்குள் அடைத்திருக்கிறீர்கள். பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பின் புரூஸ் ஹெண்டர்சன் 1970-ல் இதை எழுதியபோது அவர் முன்னால் இருந்த கேள்வி, ஒரே முதலாளிக்கு நாலு தொழில் இருந்தால் எதில் வரும் பணத்தை எடுத்து எதில் போடுவது என்பதுதான். ஆம்பூரில் ஒரு குடும்பம் தோல் பதனிடுகிறது, ஷூ தைத்து ஏற்றுமதியும் செய்கிறது, சின்ன மகன் புதிதாகப் பை, பெல்ட் என்று ஆரம்பித்திருக்கிறான் என்று வையுங்கள். ஷூவில் வருவதைப் பையில் போடலாமா என்று பெரியவர் உட்கார்ந்து பார்க்கும் கணக்கு இது. பக்கத்து டேனரிக்காரர் சரக்கை அதில் எழுதி என்ன ஆகப்போகிறது, அவர் பணம் நம் கைக்கா வரும்? போட்டியாளருக்கு இந்தப் படத்தில் இருக்கும் ஒரே வேலை, நம் பங்கை அளக்க அளவுகோலாக நிற்பது.

அந்த அளவுகோலையும் வைத்துப் பார்த்துவிடுவோம். 2005, 2006-ல் வந்த தலைமுறை முழுசாக முடிந்துவிட்டது, அதனால் கணக்குப் போட வசதி. நிண்டெண்டோவின் வீ 10.16 கோடி விற்றது, பிஎஸ்3, அதாவது பிளேஸ்டேஷன் 3, 8.74 கோடி, எக்ஸ்பாக்ஸ் 360 சுமார் 8.4 கோடி. நம் பங்கை மிகப் பெரிய போட்டியாளரின் பங்கால் வகுக்க வேண்டும். வீக்கு 1.16, பிஎஸ்3-க்கு 0.86, 360-க்கு 0.83. பெரிய பங்கையும் சிறிய பங்கையும் பிரிக்கும் கோடு 1-ல் விழுவதால், சந்தை வளர்ந்துகொண்டிருந்த வருஷங்களில் வீ ஸ்டார், மற்ற இரண்டும் கொஸ்டின் மார்க். பத்துக் கோடிக்கும் எட்டரைக் கோடிக்கும் நடுவில் இப்படி ஒரு சுவரை எழுப்புவது எனக்குக் கொஞ்சம் அபத்தமாகத்தான் படுகிறது.

அதைவிட முக்கியம், எண்ணிக்கையில் பணம் தெரியாது. 599 டாலர் விலை வைத்தும் பிஎஸ்3 ஆரம்பத்தில் நஷ்டத்துக்குத்தான் விற்றது. விளையாட்டு டிஸ்க்கிலும் மற்ற கம்பெனிகள் கட்டும் ராயல்டியிலும் அதை எடுத்துவிடலாம் என்பது கணக்கு. சத்துவாச்சாரிப் பக்கக் கேம் கடைகளுக்கு நீங்களும் சின்ன வயதில் போயிருப்பீர்கள்: ஓரம் கிழிந்த சோபா, ரப்பர் தேய்ந்த கன்ட்ரோலர், டிவிக்குக் கீழே பிஎஸ்2, மார்க்கரில் பேர் எழுதிய காப்பி டிஸ்க் அடுக்கு, மணிக்கு இவ்வளவு என்று காசு. அந்தப் பெட்டி கறந்தது கடைக்காரருக்கு. சோனிக்குப் பெட்டி விற்ற காசோடு சரி, அந்த டிஸ்க் அடுக்கிலிருந்து ஒரு பைசா போயிருக்காது.

சரி, மேட்ரிக்ஸை ஒரு வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள், அப்போதுதான் அதற்கு உயிர் வருகிறது. 360-ல் மூன்று சிவப்பு விளக்கு எரிந்து பெட்டி செத்துப்போகும் தொல்லை பரவியபோது, 2007-ல் மைக்ரோசாஃப்ட் அந்த வாரண்டிக்கென்றே 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. விண்டோஸும் ஆபீஸும் கறந்துகொண்டிருந்ததால் தாங்கியது. செகா என்ற ஜப்பானியக் கேம் கம்பெனிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர்களின் டிரீம்காஸ்ட் நல்ல மெஷின், ஆனால் பின்னால் நின்று பால் ஊற்றும் அளவுக்குப் பெரிய வேறு தொழில் இல்லாமல் 2001-ல் கன்சோல் செய்வதையே நிறுத்தினார்கள். தலைவர் இசாவோ ஒகாவா தன் சொந்தச் சொத்திலிருந்து 8,500 கோடி யென் அளவுக்குக் கம்பெனிக்குக் கொடுத்தார். அதெல்லாம் எந்தக் கட்டத்தில் வரும்?

வீ யூ டாக் என்றதில் மட்டும் தயங்காமல் மார்க் போட்டுவிடலாம், 1.36 கோடிகூட முழுசாக விற்கவில்லை. ஆனால் டாக் என்றால் விற்றுத் தொலை என்று பாடப்புத்தகம் சொல்வதை நிண்டெண்டோ அப்படியே கேட்டிருந்தால் நஷ்டம் அவர்களுக்குத்தான். 2014-ல் வீ யூவுக்குச் செய்த மரியோ கார்ட் 8-ஐ 2017-ல் கொஞ்சம் மெருகேற்றி ஸ்விட்சுக்குக் கொண்டுவந்தார்கள், அது 6 கோடிக்கு மேல் விற்றது. செத்த பெட்டியின் சரக்கு புதுப் பெட்டியை ஓட்டியது. மேட்ரிக்ஸில் கட்டங்களுக்கு நடுவே பணம் போகும் வழி உண்டு, இப்படிச் சரக்கு போகும் வழி கிடையாது.

உங்கள் சண்டைக்கு வருகிறேன். பெட்டியை மட்டும் எடுத்தால் உங்கள் சார் பக்கம்தான் நான். ஆனால் 2023-ல் கேம் செய்யும் ஆக்டிவிஷன் பிளிஸார்டை ஏறத்தாழ 6,900 கோடி டாலருக்கு வாங்கிய மைக்ரோசாஃப்ட், அடுத்த வருஷமே எக்ஸ்பாக்ஸில் மட்டும் கிடைத்த சில கேம்களை பிளேஸ்டேஷனுக்கும் கொடுத்தது. பெட்டியையும் கேமையும் இரண்டு தொழிலாகப் பிரித்தால் கேம் இன்னும் கொஸ்டின் மார்க்தான். அப்படிப் பிரித்துப் போட்டிருந்தால் இரண்டு பேரும் சண்டை போட்டிருக்க மாட்டீர்கள்.

திரும்பச் செய்வதாக இருந்தால் 2014 நிண்டெண்டோவை மட்டும் எடுங்கள், கையில் வைத்து ஆடும் 3டிஎஸ், வீ யூ, அப்புறம் கேம் விற்பனை என்று மூன்று வட்டம் போதும். ஆண்டறிக்கைகள் அவர்கள் தளத்திலேயே ஆங்கிலத்தில் கிடைக்கின்றன.