நிறையக் கற்றுக்கொள்பவர்களை ஏமாற்றுவது கடினமா?

கேள்வி: புதிது புதிதாகக் கற்றுக்கொண்டே இருப்பவர்களை ஏமாற்ற முடியாது, அவர்கள் குறுகிய மனதோடும் இருக்க மாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. படிப்பு மட்டும் யாரையும் காப்பாற்றியதாகத் தெரியவில்லை. 1720இல் லண்டனில் சவுத் சீ கம்பெனிப் பங்குகள் சரிந்தபோது பெரும் தொகையை இழந்தவர்களில் ஐசக் நியூட்டனும் ஒருவர். அவரைவிட அறிவாளியை எங்கே தேடுவது? என் அனுபவத்தில், ஒரு விஷயம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாதவர்கள்தான் தப்பிக்கிறார்கள்.

எங்கள் கொங்குப் பகுதியில் ஈமு கோழி மோகம் உச்சத்தில் இருந்த காலத்தை நேரில் பார்த்தவன் நான். பெருந்துறையைச் சுற்றிப் பல கம்பெனிகள். பரவலாகப் பேசப்பட்ட திட்டம் இதுதான்: ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் 6 குஞ்சு, கொட்டகை, தீவனம் எல்லாம் அவர்களே தருவார்கள், வளர்ப்புக் கூலியாக மாதம் 6,000 ரூபாய். ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள், வசதியான விவசாயிகள் எல்லோரும் போட்டார்கள். இவர்களை வெறும் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்குவது எனக்குப் பிடிக்காது. ஏனென்றால் அந்தத் திட்டம் எங்களுக்கு நன்றாகப் பழகிய உருவத்தில் வந்தது. பல்லடம், உடுமலைப் பக்கம் கறிக்கோழிப் பண்ணைகள் பல வருடங்களாக ஒப்பந்த முறையில்தான் நடக்கின்றன. கம்பெனி குஞ்சும் தீவனமும் தரும், நாம் வளர்த்துக் கொடுத்துக் கூலி வாங்குவோம். ஈமுவும் அதே மாதிரிதான் என்று சொன்னபோது சட்டென்று நம்பிக்கை வந்துவிட்டது.

என் பெரியப்பா கறிக்கோழிப் பண்ணை வைத்திருந்தவர். ஈமு ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கு வந்தபோது அவரை உட்கார வைத்து, டீ கொடுத்து, விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பறவை எத்தனை மாதத்தில் எவ்வளவு எடை வரும், எவ்வளவு தீவனம் தின்னும், என்ன நோய் வரும். உண்மையிலேயே அந்தப் பறவை மேல் அவருக்கு ஆசை. அப்புறம்தான் கேட்டார்: “கறியை யாருங்க வாங்குறாங்க?” “கம்பெனியே எடுத்துக்கும்ங்க.” “கம்பெனி யாருக்குங்க விக்குது?” எண்ணெய், தோல், வெளிநாடு என்று ஏதேதோ பதில் வந்தது. “எந்த ஊர்க் கடையில கிலோ என்ன வெலைக்குப் போகுது?” அதற்குப் பதில் இல்லை.

பெரியப்பாவுக்கு உறுத்திய இன்னொரு விஷயம் கூலி. கறிக்கோழிக்கு வளர்ப்புக் கூலி கிலோ கணக்கில்தான். கோழி எடை போடாவிட்டால் கூலி குறையும், ஏனென்றால் கம்பெனியின் வருமானம் அந்தக் கறியில்தான் இருக்கிறது. ஈமுவுக்கோ எடை கூடினாலும் குறைந்தாலும் மாதம் அதே 6,000. வருடத்துக்கு 72,000, கட்டிய பணத்தில் கிட்டத்தட்ட பாதி. பறவை வளர்வதைப் பற்றி அக்கறையே இல்லாத கம்பெனிக்கு வருமானம் பறவையில் இல்லை, அடுத்து வந்து பணம் கட்டுகிறவரிடம்தான் இருக்கிறது. 2012இல் எல்லாம் உடைந்தது. பணம் போனது ஒரு பக்கம். தீவனம் இல்லாமல் பறவைகள் செத்து விழ, கால்நடைத் துறை தலையிட்டுத் தீனி போட வேண்டியதாயிற்று.

1920இல் பாஸ்டனில் சார்லஸ் பொன்சி விஷயத்திலும் இதே கேள்விதான் வேலை செய்தது. 45 நாளில் 50 சதவீத லாபம் தருவதாகச் சொன்னார். வெளிநாட்டில் மலிவாகக் கிடைக்கும் சர்வதேச அஞ்சல் பதில் கூப்பன்களை வாங்கி அமெரிக்காவில் தபால்தலையாக மாற்றுவதில்தான் லாபம் என்றார். ஊரே அவர் நல்லவரா கெட்டவரா என்று வாதாடிக்கொண்டிருந்தபோது, கிளாரன்ஸ் பாரன் என்ற நிதிப் பத்திரிகையாளர் கூப்பன் பக்கம் திரும்பினார். பொன்சி வாங்கிய பணத்துக்கு 16 கோடி கூப்பன் வேண்டும். புழக்கத்தில் இருந்தவையோ சுமார் 27,000. அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் சிலர், “சரி, யாரையும் நம்பக் கூடாது, அதானே?” என்பார்கள். இல்லவே இல்லை. எதையும் நம்பாதவர்களை ஏமாற்றுவது ரொம்பச் சுலபம். மருத்துவர் பொய் சொல்கிறார், செய்தித்தாள் பொய் சொல்கிறது என்று முதலிலேயே முடிவு கட்டியவரிடம், “உங்களிடம் மறைக்கப்பட்ட உண்மை” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியை அனுப்பினால் போதும், அப்படியே நம்பிவிடுவார். சந்தேகப்படுகிறவர் ஆளைப் பார்க்கிறார். என் பெரியப்பா பறவையைப் பார்த்தார்.

நீங்கள் கேட்ட இரண்டாவது விஷயம், குறுகிய மனம். இதில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் கஹான் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பருவநிலை மாற்றம் போன்ற விஷயங்களில், அறிவியல் அறிவு கூடக் கூட அங்கே இரண்டு அரசியல் தரப்பினருக்கும் இடையே கருத்து இடைவெளி குறையவில்லை, அதிகமாகியது. கெட்டிக்காரர்கள் தங்கள் கட்சிக்கு வாதம் தேடுவதிலும் கெட்டிக்காரர்கள். அறிவியல் ஆர்வம் அதிகம் உள்ளவர்களிடம் அப்படி நடக்கவில்லை. படிக்க ஒரு செய்தியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, தன் கருத்துக்கு ஒத்துப்போகும் பழகிய செய்தியை விட்டுவிட்டு, மாறாக இருந்தாலும் வியப்பூட்டும் செய்தியை எடுத்தார்கள். ஆர்வத்தை அளந்த விதமும் நன்றாக இருந்தது. “உங்களுக்கு அறிவியல் பிடிக்குமா” என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். அதனால் விளையாட்டு, பொழுதுபோக்குச் செய்திகளோடு அறிவியல் செய்தியையும் கலந்து வைத்து, எதை எடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், நம்மை மிரட்டப் பயன்படும் அமைப்புகளைப் பற்றிக் கற்றுக்கொள்வதிலிருந்து தொடங்கலாம். இப்போது போலீஸ் போல நடித்து, ‘டிஜிட்டல் கைது’ என்று சொல்லி வீடியோ அழைப்பில் பெரியவர்களை நாள்கணக்கில் உட்கார வைத்துப் பணம் பறிக்கிறார்கள். அம்மா அப்பாவிடம் “தெரியாத நம்பரை எடுக்காதீங்க” என்று மட்டும் சொன்னால் அவர்களுக்குப் பயம்தான் மிஞ்சும். கைது என்பது எப்படி நடக்கும் என்று உட்கார்ந்து சொல்லுங்கள். போலீஸ் நேரில் வர வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வாங்க வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். வீடியோ அழைப்பில் கைது என்று நம் சட்டத்தில் ஒன்று கிடையவே கிடையாது. இவ்வளவும் தெரிந்தவரிடம் காக்கிச் சட்டை போட்ட ஒருவன் திரையில் வந்து கத்தினால், “எந்த ஸ்டேஷன்ங்க, நேர்ல வாங்க” என்று சொல்லி வைத்துவிடுவார். அதற்குள் பணம் அனுப்பிவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.