உணவுப் பழக்கம், உடல் பருமன் பற்றிய ஆராய்ச்சியை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொள்ளலாமா?

நீங்கள் ஊட்டச்சத்தியல் முடித்திருப்பீர்கள், வீட்டில் "சோறு திங்கிறதுல என்னம்மா ஆராய்ச்சி?" என்று கேட்பார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என்னைப் பத்தொன்பது வருடமாகக் கேட்கிறார்கள்.

அமைத்துக்கொள்ளலாம். கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான நெட், ஜேஆர்எஃப் தேர்வு எழுதுங்கள். ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது, அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆனால் வேலையைக் கற்றுக்கொள்வது வேறு இடத்தில். நான் கற்றது ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு கடலோரக் கிராமத்தில்.

சமுதாயக் கூடத்தில் எடைக் கருவி, டேப், கேள்வித்தாளோடு உட்கார்ந்திருந்தேன். கடல்பாசி எடுக்கும் பெண்கள் தீவுப் பக்கம் போய்விட்டு மதியம்தான் திரும்புவார்கள். மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து பிடுங்குகிற வேலை. அப்படி உழைக்கிற ஓர் அக்காவுக்கு இடுப்பளவு 94 சென்டிமீட்டர். நம் பெண்களுக்கு 80-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பது கணக்கு. "நேத்து காலையில இருந்து என்னென்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். "என்னத்த தங்கச்சி, ராத்திரி ஒருவேளைச் சோறுதான்" என்றார்.

நோட்டின் ஓரத்தில் 'பொய்' என்று எழுதினேன். 1992-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு மனதில் இருந்தது. குறைவாகச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்றவர்களை அளந்து பார்த்தபோது, உண்மையில் சாப்பிட்டதில் சராசரியாக 47 சதவீதத்தைச் சொல்லாமல் விட்டிருந்தார்கள். அதை அப்படியே இந்த அக்கா மேல் ஒட்டினேன்.

என்னோடு வீடு வீடாக வந்த உள்ளூர் அக்கா அதைப் பார்த்துவிட்டார். எட்டாம் வகுப்பு படித்தவர். "அவ எங்க பொய் சொன்னா? நீ சாப்பாட்டத்தானே கேட்ட?" என்றார்.

மறுநாள் கேள்வியை மாற்றினேன். எத்தனை மணிக்கு எழுந்தீங்க, அப்புறம் என்ன செஞ்சீங்க, யாரோட இருந்தீங்க. பாசி எடுக்கும் அதே அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். விடியுமுன் ஒரு டீ. படகுக்குக் காத்திருந்தபோது இன்னொரு டீ, இரண்டு பருப்பு வடை. கரைக்கு வந்ததும் டீ, பன். பாசி காயப்போடும்போது பேத்திக்கு வாங்கிய மிக்சரில் பாதி. சாயங்காலம் டீ. நாலு டீயிலேயே எட்டு ஸ்பூன் சர்க்கரை, முப்பது கிராமுக்கு மேல். அவர் எதையும் மறைக்கவில்லை. நம் ஊரில் சோறு தின்றால்தான் சாப்பாடு. டீயும் வடையும் அந்தச் சொல்லுக்குள் வராது. தப்பு என் கேள்வியில் இருந்தது.

'அப்படியானால் வாயைக் கட்டினால் போதுமே' என்று யாராவது கிளம்புவார்கள். நான் அதைச் சொல்லவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டன்கார்ட் குழு டென்மார்க்கில் 540 தத்துப்பிள்ளைகளை ஆராய்ந்து 1986-ல் வெளியிட்டது. அவர்களுடைய உடல்வாகு பெற்றவர்களோடு ஒத்துப்போனது, வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை. 2019-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கெவின் ஹால் இருபது பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் வேண்டிய மட்டும் கொடுத்தார். ஆலை உணவில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. இரண்டு முறையும் அதே இருபது பேர்தான். அவர்களுடைய மனவுறுதி இரண்டு வாரத்தில் மாறிவிட்டதா? பருமனான பெண்ணைப் பார்த்து 'கட்டுப்பாடு இல்லை' என்கிற டாக்டர்களையும் உறவுக்காரர்களையும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கேட்டதற்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த உள்ளூர் அக்காவுக்குக் கூலி வர எட்டு மாதம் ஆனது. பட்டம் இல்லாதவருக்கு எந்தத் தலைப்பில் பணம் கொடுப்பது என்று அலுவலகத்தில் பில்லைத் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். மீன்பிடித் தடைக்காலம் வேறு, வீட்டில் வருமானமே இல்லை. நான் கையிலிருந்து கொஞ்சம் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில்கூட அந்த அக்கா பெயரைப் போட என்னை விடவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பத்தொன்பது வருடம் கழித்தும் என் வேலை கேள்வியைச் சரிசெய்வதுதான். இப்போது கீழக்கரையில் நோன்பு மாதத்துக்கான கேள்வித்தாளைத் தயார்செய்கிறேன். அங்கே அந்த மாதம் நாள் எப்போது தொடங்குகிறது? விடியுமுன் சாப்பிடும் சஹரிலா, மாலையில் நோன்பு திறக்கும் கஞ்சியிலா? மூன்று வீடுகளில் கேட்டுப் பார்த்தேன், மூன்று விதமாகச் சொன்னார்கள். நாளை நாலாவது வீட்டுக்குப் போகிறேன்.